வலையில் சிக்கிய சாரைக்குப் பால் வேண்டாம்

நாற்றங்காலைக் கோழி கிளறாமலிருக்க நைலான் வலை கட்டுவது இப்போது எங்கும் வழக்கமாகிவிட்டது. பயிரைக் காக்கக் கட்டும் அந்த வலையில், எலியைப் பிடித்துப் பயிரைக் காக்கும் சாரைப் பாம்பே சிக்கிக்கொள்கிறது. கண்ணியில் தலை நுழைந்தபின் செதில் தடுப்பதால் அதனால் பின்னுக்கு வர இயலாது. முன்னே போகப் போக நூல் இறுகும். அப்படிச் சிக்கியதைத் தடியால் அடிப்போர் பலர். இது விவசாயி தனக்குத் தானே தேடிக்கொள்ளும் நஷ்டமாகும்.

சாரைக்கு நஞ்சு கிடையாது. பகலில் இரை தேடும். பொறியும் நச்சுத் தீனியும் எட்டாத எலி வளைக்குள்ளும் புகுந்து குட்டிகளைத் தின்னும். சினைப்பட்ட எலி ஏறத்தாழ மூன்று வாரத்தில் குட்டி போடுவதால் இந்த உதவி சிறிதன்று. சாரை நல்ல பாம்புடன் இணையும் என்பதும் தவறு. பின்னிப் பிணைந்து எழும்பி நிற்பவை பெரும்பாலும் மல்லுக்கட்டும் இரண்டு ஆண் சாரைகளே.

எனினும், சிக்கியது சாரைதான் என்று எண்ணி எவரும் கை வைக்கக் கூடாது. நல்ல பாம்பும் எப்போதும் படமெடுத்து நிற்பதில்லை. வனத்துறைக்கோ, 101 எண்ணில் தீயணைப்புத் துறைக்கோ சொல்ல வேண்டும். அவர்கள் வரும் வரை, எட்ட நின்று நீண்ட கழியால் ஓலையைச் சாய்த்து நிழல் தரலாம். வலை வீணாகிறதே என்று பாம்பை இழுக்கச் சொல்லாமல், வலையை அறுக்க இசைய வேண்டும்.

மீட்ட பாம்புக்கு இரக்கப்பட்டுப் பால் வார்ப்பதும் தீங்கே. பால் அதன் உணவன்று, செரிக்காது. தாகம் பொறுக்காமல் குடிப்பதைப் பார்த்தே பாம்பு பால் குடிக்கும் என்கிறோம். இரை ஊட்டவும் தேவையில்லை. அது பல நாள் இரையின்றி இருக்க வல்லது. காயமில்லாவிட்டால் அருகிலுள்ள புதரில் விடச் சொன்னாலே போதும். தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். எலி பிடிக்கட்டும் என்று வீட்டில் அடைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வலையைத் தளர்ந்து தரையில் புரள விடாமல் இழுத்துக் கட்டுவதும், தேவை முடிந்ததும் சுருட்டிப் பரணில் வைப்பதும் செலவில்லாத வேலைகள். அறுத்த வலையை மீண்டும் வாங்கிவிடலாம். எலி தின்ற நெல்லை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.