வேதநாயகரைத் துண்டு போடாதீர்

நம் பங்குகளில் பேச்சுப் போட்டி என்றதும், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பொன்மொழிகள்’ எழுதிய தாள் ஒன்று கைக்குக் கை மாறுகிறது. தமிழின் முதல் நாவலாசிரியர் ஒரு கத்தோலிக்கர் என்ற பெருமை, பெற்றோரைப் பேணுதல், கற்பு, வாய்மை பற்றி நாலைந்து வரிகள், பின்பு கைதட்டல். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் நான் கேட்ட உரைகளில், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ முழுவதையும் படித்ததற்கான அடையாளம் அரிது. இவ்வழக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன்.

“ஆசிரியரே நீதி புகட்டத்தானே எழுதினார்?” என்பர். மெய்தான். ஆனால் நீதி வரிகளே போதுமெனில், 1859-இல் ‘நீதி நூல்’ செய்தவர் இருபது ஆண்டு கழித்து, 1879-இல், உரைநடையில் இத்துணைப் பெரிய கதையை ஏன் வெளியிட்டார்? செய்யுளில் தாம் உரைத்ததை மனிதர்களின் வாயில் வைத்து, வீட்டிலும் வழியிலும் அரண்மனையிலும் நடமாட விட்டார். இடையிடையே வயிறு குலுங்கச் சிரிக்கவும் வைத்தார். யார், யாரிடம், எந்நிலையில் சொன்னார் என்பதை வெட்டிவிட்டால் எஞ்சுவது நாட்காட்டி வாசகம். பாலைநிலத்தில் ஆண்டவரைச் சோதித்தவனும் 91-ஆம் திருப்பாடலைத்தானே எடுத்துக்காட்டினான்! வரியில் பிழையில்லை.

விடுபடுவன எவை என்று பாருங்கள். ஞானாம்பாள் ஆணுடையில் விக்கிரமபுரியை அரசாள்கிறாள். போட்டித் தாளிலோ அவள் நல்ல மனைவி மட்டுமே. தமிழர் வழக்கைத் தமிழ் வக்கீல்கள் தமிழ் நீதிபதிமுன் ஆங்கிலத்தில் வாதிப்பதை நாவல் கடுமையாகச் சாடுகிறது. அப்பகுதியும் தாளில் இல்லை. இது ஏட்டறிவில் பிறந்த சீற்றமன்று. எழுதியவர் முன்சீப்பாகப் பணியாற்றியவர். தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ வெளியிட்டவர்.

இச்சீற்றம் நம் வறண்ட சீமைக்கு அந்நியமானதா? நாவல் வெளிவந்த அதே 1879-இல், திருச்சுழியில் ஒரு வக்கீலின் இல்லத்தில் பிறந்த குழந்தையே பின்னாளில் ரமண மகரிஷி. குடியானவர்கள் வழக்கென்று அலைந்த ஊர்தான் அது. இன்று கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்குச் சட்டம் இடமளிக்கிறது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமென 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது; ஆயினும் அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவின் வழி அங்கே ஆங்கிலமே நிலைத்திருக்கிறது. 2004-இல் மதுரைக் கிளை வந்ததால் தூரம் குறைந்தது, மொழி மாறவில்லை.

அடுத்த போட்டிக்கு வரிகளைக் கொடாதீர்கள், அத்தியாயங்களைக் கொடுங்கள். கண்மாய்ப் பாசன நிலத்துக்காக மதுரைக் கிளைக்குச் செல்லும் திருச்சுழி விவசாயி, தம் பொருட்டு உள்ளே என்ன பேசப்பட்டது என்பதை வெளியே வந்து வக்கீலிடம் கேட்டுத்தான் அறிகிறார். அவருடைய பேரப்பிள்ளைகளும் நம் மேடைகளில் பேசுகிறார்கள்.