பாவு பிடிக்க ஒரு கை

காஞ்சிபுரத்துக்கு வீடு மாறி வந்த முதல் வாரம். காலை ஆறு மணிக்குப் பால் வாங்கக் கதவைத் திறந்தால், தெருவில் இறங்க வழியில்லை. எங்கள் வாசலில் தொடங்கி நாலாவது வீடு வரைக்கும் இடுப்பு உயரத்தில் அரக்கு நிறப் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். “சுத்திப் போம்மா, வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிடும்” என்றார் ஒரு பெரியவர். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எரிச்சலாகத்தான் இருந்தது. சென்னை அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டுக்காரர் செருப்பை நம் வாசல் பக்கம் விட்டாலே அசோசியேஷனில் சொல்லிப் பழகியவள் நான். இங்கே யாரிடம் போய்ச் சொல்வது? தெருவே அங்கேதானே நின்றுகொண்டிருக்கிறது!

பிள்ளையார்பாளையம் நெசவாளர்கள் நிறைந்த பகுதி. வீடுகள் சின்னவை, உள்ளே தறி போட்டது போகத்தான் மனிதர்களுக்கு இடம். ஒரு புடவை 5.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட, மூன்று புடவைக்கான பாவு 16 மீட்டருக்கு மேல் நீளும். அதை எந்த வீட்டுக்குள் விரிப்பது? அதனால் தெருவே தொழிற்கூடம். புடவையின் நீளவாக்கில் ஓடும் அத்தனை இழைகளையும் ஒன்றோடொன்று சிக்காமல் விரித்து, அறுந்ததைக் கண்டுபிடித்து முடிந்து, அரிசிக் கஞ்சி போட்டு, காலை இளவெயிலில் காயவைத்துச் சுருட்ட வேண்டும். வெயில் முற்றினாலும் வம்பு, காற்று கிளம்பினாலும் வம்பு.

ஒரு குடும்பத்தால் மட்டும் இதைச் செய்ய முடியாது. இரண்டு முனையிலும் இழுத்துப் பிடிக்க, இழை பார்க்க, கழி நகர்த்த என்று ஆறேழு பேராவது வேண்டும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் வந்துவிடுவார்கள். கூலி கிடையாது. இன்றைக்கு உன் பாவுக்கு நான், நாளைக்கு என் பாவுக்கு நீ. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் யார் வந்தார்கள், யார் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

நான் தூங்கியவர்கள் கட்சி. ஒரு ஐப்பசிக் காலை வரைக்கும்.

அன்று பாவு விரித்துப் பாதி வேலை நடக்கும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கஞ்சி ஈரத்தோடு மழையும் பட்டால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரிக்கவே முடியாமல் போனால் பட்டு வாங்கிய காசும் போச்சு, மாதத்து வருமானமும் போச்சு. முதல் தூறல் விழுந்ததும் எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்துக் கத்தினார்: “என்னாம்மா பாத்துக்கினு நிக்கிற, வந்து புடி!” நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். கையில் ஒரு கழியைக் கொடுத்து, “தளர விடாத, அவ்ளோதான்” என்றார்கள். தளர விடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஐந்தாவது நிமிஷம் தோள்பட்டை சொன்னது. அந்தப் பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டே வந்தார்கள். யாரோ தார்ப்பாயை விரித்துப் பிடித்தார்கள். கடைசி முழம் வாசற்படி ஏறியபோது மழை கொட்டியது.

நன்றி என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் மந்தார இலையில் சுற்றிய காஞ்சிபுரம் இட்லி வந்தது. மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் தூக்கலாக. சாயங்காலம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்திருந்தார்கள். ஒன்றரை வருஷமாக அப்படி ஒரு குரூப் இருப்பதே எனக்குத் தெரியாது! ‘நாளை 5.30 பாவு. வண்டிகளை முக்கில் நிறுத்தவும்’ என்பதுதான் அதில் முக்கியமான செய்தி. மற்றபடி காணாமல் போன கிளி, கல்யாணத்துக்கு இரவல் கேட்கும் அண்டா, யார் வீட்டு மாடித் தண்ணீர் யார் சுவரில் வழிகிறது என்ற நீண்ட வழக்கு.

இப்போது எனக்கு ராட்டையில் தார் சுற்றத் தெரியும். இழை முடிவது மட்டும் இன்னும் வரவில்லை. ஒருமுறை நான் முடிந்ததைப் பெரியவர் பேசாமல் அவிழ்த்து, தானே போட்டுக்கொண்டார். அந்த மௌனத்துக்குத் திட்டே தேவலாம்.

என்னைப் போன்ற அரைகுறையைக்கூட ஏன் கூப்பிடுகிறார்கள் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. கைகள் குறைந்துகொண்டிருக்கின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் பஸ் விடிவதற்குள் முக்கில் வந்து நிற்கிறது. பாவு பிடிக்க வேண்டிய பையன்கள் அதில் ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாதாமாதம் சம்பளம், பி.எஃப்., குழிக்குள் காலைத் தொங்கவிட்டு முதுகு ஒடிய உட்கார வேண்டாம். ஆனால் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும், மூன்று நாடா ஓட வேண்டும். துணைக்கு உட்காரும் ஆள் வேலைக்குப் போய்விட்டால் தறி நிற்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான்; பாவு பிடிக்க அது வருமா? எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடுகளில் தறிச் சத்தம் இல்லை.

எல்லோரும் தெருவுக்குத் திரும்பி வரும் நாள் வைகாசி கருட சேவை. வரதராஜப் பெருமாள் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள். விடியுமுன் எங்கள் தெருவே சின்ன காஞ்சிபுரத்துக்குக் கிளம்பும். ஷிப்ட் பையன்களும் லீவு போட்டுவிடுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சோளிங்கரைச் சேர்ந்த தொட்டாச்சாரியார் என்பவர் வருஷம் தவறாமல் இந்தக் கருட சேவைக்கு வருவாராம். ஒரு வருஷம் உடம்பு முடியாமல் வர இயலவில்லை. இருந்த இடத்திலேயே ஏங்கியவருக்குப் பெருமாள் அங்கே போய்க் காட்சி கொடுத்துவிட்டு வந்ததாக ஐதீகம். அதன் நினைவாக இன்றும் கோபுர வாசலில் பெருமாளைக் குடைகளால் கொஞ்ச நேரம் மறைக்கிறார்கள். தொட்டாச்சாரியார் சேவை என்று பெயர்.

போன வருஷம் எதிர்வீட்டு அக்காவின் பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. கூட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்று, போனைத் தலைக்கு மேல் தூக்கி வீடியோ கால் போட்டார் அக்கா. சரியாக அந்த நேரத்தில் குடைகள் சாய்ந்தன.

“ம்மா, வெறும் குடைதான் தெரியுது!”

“இர்றா, வர முடியாதவங்களுக்குத்தான் இது” என்றார் அக்கா. குடை விலகி, தீபாராதனை வெளிச்சம் போனில் விழும்வரை கையை இறக்கவேயில்லை. பாவு பிடித்துப் பழகிய கை.

வீடு திரும்பும்போதே குரூப்பில் செய்தி வந்துவிட்டது. நாளை 5.30. மாம்பழ நிறம். இரண்டு பேர் குறைகிறார்களாம். பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் காலையில் வண்டியை எடுக்க முடியவில்லை என்று நேற்றுத்தான் என்னிடம் சலித்துக்கொண்டாள். கதவைத் தட்டிக் கேட்டுப் பார்க்க வேண்டும்.