புது வண்டியும் நாம் பாராத டயரும்



புது வண்டி வாங்கச் செல்லும் குடும்பம் எதையெதையோ ஆராயும். நிறத்தைப் பற்றிப் பிள்ளைகள் வாதிடுவர். இருக்கையின் மென்மையைத் தாயார் சோதிப்பார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தந்தையார் வினவுவார். டயரை மட்டும் எவரும் குனிந்து பார்ப்பதில்லை. புதியதுதானே, நிறுவனமே பொருத்திக் கொடுத்ததுதானே என்ற நம்பிக்கை! அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் தகும்? இம்மாதம் சற்றுச் சிந்திப்போம்.

வண்டி செய்யும் நிறுவனங்கள் பொதுவாக டயர் செய்வதில்லை. டயர் நிறுவனங்களிடம் மொத்தமாக வாங்கிப் பொருத்துகின்றன. விலை குறைய வேண்டும், குலுக்கல் தெரியக்கூடாது, எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டே வாங்குகின்றன. நீண்ட உழைப்பும், மழைச் சாலையில் வழுக்காத பிடிப்பும் இவற்றோடு போட்டியிட வேண்டியவைதாம். இந்தப் பேரத்தில் நமக்கு இடமில்லை. விளைவில் மட்டுமே பங்குண்டு.

அமெரிக்காவில் நிகழ்ந்த துயரம் ஒன்று இதற்குச் சான்று. ஃபோர்டு வண்டிகளுக்கு 1906 முதல் டயர் கொடுத்து வந்தது ஃபயர்ஸ்டோன் நிறுவனம். நிறுவனர்கள் இருவரும் நண்பர்கள். 1947-இல் ஹென்றி ஃபோர்டின் பேரனுக்கும் ஹார்வி ஃபயர்ஸ்டோனின் பேத்திக்கும் திருமணம் நடந்து, இரு குடும்பங்களும் சம்பந்திகளாயின.

1990-இல் ஃபோர்டு வெளியிட்ட 'எக்ஸ்புளோரர்' என்னும் உயரமான வண்டியிலும் ஃபயர்ஸ்டோன் டயர்களே பொருத்தப்பட்டன. வெப்பம் மிகுந்த டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில், வேகமாகச் செல்கையில் டயரின் மேற்பட்டை உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டு 9 அன்று, சாலையில் ஓடிக்கொண்டிருந்த சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. இந்த டயர்கள் தொடர்பான விபத்துகளில் மாண்டோர் தொகை 270-ஐத் தாண்டியது.

பழி யாருடையது? டயரில்தான் குறை என்றது ஃபோர்டு. வண்டியே எளிதில் கவிழும் அமைப்புடையது, மேலும் 26 பவுண்டு காற்றே போதுமென ஃபோர்டு பரிந்துரைத்தது தவறு, 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக வளைந்து நெளியும், நெளிவதால் சூடேறும், சூட்டினால் உள்ளிருக்கும் எஃகுக் கம்பி அடுக்குகளின் பிணைப்புத் தளரும். டயரின் அமைப்பிலேயே குறை இருந்ததென அரசு விசாரணை 2001-இல் கண்டறிந்தது. அதே ஆண்டு மே மாதம், 95 ஆண்டு உறவு முறிந்தது. சம்பந்திகள் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்க, பிள்ளைகளைப் புதைத்த பெற்றோர் நடுவில் நின்றனர்.

இதனால் ஒரு நன்மையும் விளைந்தது. 2000 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, விபத்துச் செய்திகளை நிறுவனங்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும் அங்கே புது வண்டிகளில் கட்டாயமாயிற்று.

நாம் செய்ய வேண்டியது என்ன? வண்டியைப் பெறும் நாளிலேயே டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மாற்று டயரையும் அவ்வாறே பாருங்கள். வீக்கமோ வெட்டோ தென்பட்டால் வண்டியை ஏற்குமுன் சொல்லுங்கள். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் காற்றளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது மாதம் ஒருமுறையேனும் சரிபாருங்கள். டயருக்கான உத்தரவாதம் பெரும்பாலும் வண்டி நிறுவனத்துடையதன்று, டயர் நிறுவனத்துடையது; அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. அந்த நான்கு உள்ளங்கைகளின்மீதுதான் முழுக் குடும்பமும் அமர்ந்து செல்கிறது. குனிந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நம் வீட்டாருக்காகச் செலவிடுவோம்.