குடும்பச் சந்தா யாருக்கு?



மதரஸா மாணவர் ஒருவரின் தந்தை சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு துண்டறிக்கையை நம்மிடம் நீட்டினார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஜிம் ஒன்றின் அறிவிப்பு அது. கணவன், மனைவி, இரு பிள்ளைகளுக்கு ஓராண்டுக் குடும்பச் சந்தா; சேர்க்கைக் கட்டணம் இல்லை; மாதத் தவணை வசதி உண்டு. “ஹஜ்ரத், இதில் சேர்வது கூடுமா?” என்று கேட்டார்.

உடலைப் பேணுவது கூடுமா என்பதில் நமக்குத் தயக்கமே இல்லை. நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, இந்தியாவில் ஆண்களில் 42 விழுக்காட்டினரும் பெண்களில் 57 விழுக்காட்டினரும் அந்த அளவை எட்டவில்லை. பெண்களின் நிலையே மோசம். ஆகவே நாம் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒன்றே: “உங்கள் வீட்டார் எந்த நேரத்தில் போவார்கள்?”

அவருக்கு விடை தெரியவில்லை. துண்டறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது: பெண்களுக்கு முற்பகல் 11 முதல் மாலை 4 வரை. உலை கொதிக்கும் நேரமும், லுஹர் நேரமும், பள்ளிவிட்டு வரும் பிள்ளையை அழைத்துவரும் நேரமும் அதற்குள்தான் அடங்குகின்றன. மகளோ அப்போது வகுப்பறையில் இருப்பாள். காலையும் மாலையும் தந்தைக்கும் மகனுக்கும் போய்விடுகின்றன. நால்வருக்குப் பணம் கட்டி இருவர் பயன்பெறுவதற்குக் குடும்பச் சந்தா என்று பெயர்!

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை நாம் அடிக்கடி பயானில் சொல்கிறோம். முதன்முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு பயணத்தில், உடல் சற்றுப் பருத்திருந்தபோது, நபியவர்கள் முந்தினார்கள். அச்செய்தியில் நாம் கவனிக்காது கடந்துபோகும் ஒன்று உண்டு. உடன் வந்தவர்களை முன்னே செல்லும்படி நபியவர்கள் முதலில் அனுப்பிவிட்டார்கள். மனைவிக்கான இடத்தையும் நேரத்தையும் கணவரே ஒழுங்குசெய்து கொடுத்த பிறகுதான் பந்தயம் நடந்தது. பெண்ணுக்குப் பர்தா வேண்டும் என்று பேசும் நாம், அந்தப் பர்தாவுக்குள் அவள் மூச்சுவாங்க ஓடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று பேசுவதில்லை. இது நம் தவறு; உலமாக்களாகிய எங்களின் தவறும்தான்.

எனவே ஜிம்மைப் பார்வையிட முதலில் போக வேண்டியவர் வீட்டுப் பெண்மணி. பெண்கள் நேரத்தில் பயிற்சியாளரும் பெண்தானா, அந்நேரத்தில் ஆண் ஊழியர் உள்ளே வருவாரா, கண்காணிப்புக் கேமராவின் பதிவை யார் பார்க்கிறார்கள், விளம்பரத்துக்காகப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவார்களா என்பதையெல்லாம் அவரே கேட்டறியட்டும். ஆண்களுக்கும் ஒரு சொல்: தொப்புள் முதல் முழங்கால் வரை மறைப்பது ஜிம்மிலும் கடமைதான். அரைக்கால் சட்டையோடு கண்ணாடி முன் நின்று செல்ஃபி எடுக்கும் நம் வாலிபர்களை யாரும் கண்டிப்பதில்லை.

தவணை விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. ஜிம்மே வட்டியின்றிப் பணத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டால் தடையில்லை. நிதி நிறுவனத்தின் வட்டிக் கடனாக இருந்தாலோ, தாமதமானால் வட்டி சேரும் என்று எழுதியிருந்தாலோ, அதில் கையொப்பமிடலாகாது. ஆண்டுச் சந்தாவே வேண்டாம் என்பது நம் கருத்து. எண்ணூர், மணலி ஆலைகளில் ஷிப்டு வேலை செய்வோருக்கு வாரந்தோறும் நேரம் மாறுகிறது. ரமளானில் ஒரு மாதம் பெரும்பாலும் வீணாகிறது. மாதம் மாதம் கட்டுவது சற்றுக் கூடுதலானாலும் நட்டமில்லை. மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 18-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பில்லில் அதைச் சரிபாருங்கள்.

“ஜிம் எதற்கு, ஃபஜ்ருக்குப் பின் நடந்தால் போதாதா?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். ராயபுரத்தில் ராபின்சன் பூங்காவுக்கு அருகில் இருப்போருக்கு அது போதும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரத்தில் வசிப்பவர் எங்கே நடப்பார்? 2023 டிசம்பரில் எண்ணூர் மக்கள் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவையும், அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அம்மோனியா வாயுக் கசிவையும் கண்டவர்கள். காற்றை நம்பி நடக்கச் சொல்வது அவர்களிடம் எளிதன்று.

இதற்கெல்லாம் மேலாக நம் முஹல்லாக்களில் ஒரு வசதி பூட்டிக் கிடக்கிறது. ஜமாஅத்துகளின் ஷாதி மஹால்கள் நிக்காஹ் இல்லாத வார நாட்களில் காலியாகவே இருக்கின்றன. நான்கு சுவர், மின்விசிறி, கழிப்பறை, தொழ இடம் எல்லாம் அங்கே உண்டு. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் காலை 9 முதல் 10 வரை, அல்லது இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம், பெண்களுக்கென்று திறந்துவிட்டால் போதும். பாய்களும் ஒரு பெண் பயிற்சியாளரின் சம்பளமுமே செலவு. கேள்வி கேட்டுவந்த அந்தச் சகோதரரிடம் இதைச் சொன்னோம். சந்தாவைத் தள்ளிவைத்துவிட்டு, வரும் ஜும்ஆவுக்குப் பின் முத்தவல்லியைச் சந்திக்க நம்மோடு வர இசைந்திருக்கிறார். நேரத்தை முடிவுசெய்ய அவருடைய மனைவியும் இன்னும் சில தாய்மார்களும் ஒரு தாளில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.