மூன்றாண்டு வானம்

ஹவாய்ச் செருப்பு அணிந்தவனும் வானூர்தி ஏறுவான் என்று முழங்கினர், 2017இல் சிம்லாவிலே 'உடான்' திட்டத்தைத் தொடங்கியோர். ஏறினானா? தலைமைத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது: மூன்றாம் சுற்று வரை ஒப்படைத்த தடங்கள் 774; பறக்கவே தொடங்காதவை 403; மூன்றாண்டுச் சலுகை முடிந்த பின்னும் நிலைத்தவை வெறும் 54!

பெருநகர்த் தடங்களில் தீர்வை தண்டி, சிற்றூர்த் தடங்களுக்கு மானியம். நோக்கம் நல்லதே, மறுக்கவில்லை. ஆனால் சேலத்தைப் பாருங்கள்! 2018இல் வந்த சேவை 2021இல் நின்றது. 2023இல் மீண்டும் வந்தது, மீண்டும் மானியத்தோடு. இதுவா போக்குவரத்து?

மலையடிவாரச் சிற்றூருக்கு நட்டத்திலும் பேருந்து விடுகிறோமே, மூன்றாண்டு கழிந்ததென்று நிறுத்துகிறோமா? தேவையுள்ள தடமெனில் தேவையுள்ளவரை தருக. தேவையற்றதெனில், ஓடுதளத்தில் கொட்டும் பணத்தை இருப்புப்பாதைக்குத் தருக!