அன்னதானத்தோட நின்னா போதுமா?

வெள்ளிக்கிழமை அன்னதான வரிசையில நிக்கிற நேப்பாள, தமிழ்நாட்டுப் பசங்களை எல்லாரும் பார்த்திருப்பீங்க. திருநீறு கொடுக்கிறோம், சாப்பாடு போடுறோம், அனுப்பிடுறோம். அவங்க பாஸ்போர்ட் யார் கையில இருக்குன்னு நாம கேட்கிறதில்லை.

தொண்டர்கள் எங்கள்ல பாதிப் பேர் ஃபேக்டரி ஆளுங்க. உள்ளே நடக்கிறது தெரியும். "ஓடிப் போயிடுவான்"னு சொல்லி முதலாளியோ ஏஜெண்டோ பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிறது இன்னும் நடக்குது. 1966 கடப்பிதழ் சட்டப்படி அது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. ஊர்ல கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிட்டு வந்த பையன் இதை யார்கிட்ட போய்ச் சொல்லுவான்? குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல 1,700 வெள்ளி ஆயிடுச்சு, சரி. பிடித்தம் போக கைக்கு எவ்வளவு வருதுன்னு கேட்டுப் பாருங்க.

"கோயிலுக்கு எதுக்கு யூனியன் வேலை?"ன்னு சிலர் கேட்கிறாங்க. 1941-ல கிள்ளான் தோட்டங்கள்ல நம்ம ஆளுங்க வேலைநிறுத்தம் செஞ்சப்போ சம்பள உயர்வு மட்டுமா கேட்டாங்க? துரையைக் கண்டா சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், கள்ளுக்கடையை மூடுன்னும் கேட்டாங்க. துப்பாக்கிச் சூட்டுல உயிரும் போச்சு. அந்தப் பரம்பரைதான் இன்னிக்குக் காவடி எடுக்குது.

உண்மையான தயக்கம் வேற. உபயம் செய்யற சில பேருக்கே ஃபேக்டரி இருக்கு. அவங்க மனசு கோணுமேன்னு பயம். நேர்மையா நடத்துற முதலாளிக்கு இதுல கோபம் வர என்ன இருக்கு?

நம்ம கோயில் மட்டும் போய்ப் பேசினா "இந்தியர் பிரச்சினை"ன்னு ஒதுக்கிடுவாங்க. ஒரே ஹாஸ்டல்ல வங்காளதேசப் பையன் சூராவுக்குப் போறான், மியன்மார் பொண்ணு சர்ச்சுக்குப் போறா. 1983-லிருந்து இந்து, பௌத்த, கிறிஸ்துவ, சீக்கிய அமைப்புகள் ஒரே ஆலோசனை மன்றத்துல உட்காருது, பின்னாடி தாவோவும் சேர்ந்துச்சு. மேல முடியுறது நம்ம தாமான்ல முடியாதா? அந்த மன்றத்துல முஸ்லிம்கள் இல்லை, அதனால சூராவ் கமிட்டியை நாமே போய்ப் பார்க்கணும். ஒவ்வொரு இடத்திலேயும் ரெண்டு பேர் புகாரைக் கேட்டு எழுதி, தொழிலாளர் இலாகாவுக்கு அந்தப் பையனோட எல்லாரும் சேர்ந்து போகணும். தனியா போனா மறுநாளே பெர்மிட்டை ரத்து பண்ணிடுவாங்களோன்னு பயப்படுறான்.

ஞாயிறு காலைப் பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல இதைப் பத்திப் பேசறோம். மலாய்ல கடிதம் எழுதத் தெரிஞ்சவங்க, நேப்பாளி பேசத் தெரிஞ்சவங்க கட்டாயம் வாங்க.