மாற்றுதல் வேறு, பழுதுபார்த்தல் வேறு

நெடுநாள் கிடந்த பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்று உயிர்பெற மறுக்கின்றது. உடனே தீர்ப்பு பிறக்கின்றது: "கார்புரேட்டர் போய்விட்டது, கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடு!" மலேசியாவின் சிற்றூர்ப் பட்டறையிலும் நகரத்துக் கடையிலும் இத்தீர்ப்பு கேள்வியின்றிச் செல்லுபடியாகின்றது. மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தும் செயல் அன்றோ இது?

கார்புரேட்டர் என்பது யாது? காற்று செல்லும் குழாய் ஓரிடத்தில் குறுகுகின்றது. அங்கே காற்றின் வேகம் கூடுகின்றது, அழுத்தம் குறைகின்றது. அக்குறைவே அடியிலுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை மேலிழுக்கின்றது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அவ்வளவைக் காப்பவை 'ஜெட்' எனப்படும் சின்னஞ்சிறு பித்தளைத் துண்டுகள். கெய்ஹின் ஜெட்டில் 40 என்று பொறித்திருந்தால் அதன் துளை 0.40 மில்லிமீட்டர். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி அத்துளையை அடைத்துவிடுகின்றது. அடைபட்டது ஒரு துளை. குற்றம் சுமத்தப்படுவதோ முழுக் கருவியின்மீது!

இன்னொரு கொடுமையும் நிகழ்கின்றது. கைக்குக் கிடைத்த கம்பியால் துளையைக் குத்துகின்றனர். பித்தளை மென்மையானது, கம்பி அதனைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்குகின்றது. பின்னர் வண்டி கரும்புகை கக்கினால் பழி அதைச் செய்தவர்மேல் விழுகின்றது. அந்நாளைய ஜப்பானியத் திருகாணிகளின் சிலுவைத் தலையோ அந்நாட்டுத் தொழில்தர அளவின்படி அமைந்தது. வழக்கமான பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுமையாகப் பொருந்தாது. வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். உரிய திருப்புளியைத் தேடாதவர், "பழைய இரும்பு" என்று கைவிரிக்கின்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

"கூலி மிகுதி, போலி மலிவு" என்று வாதிடுவோர் உளர். எது மலிவு? 1969ஆம் ஆண்டு வெளிவந்த ஹோண்டா சி.பி.750இல் நான்கு கெய்ஹின் கார்புரேட்டர்கள் இருந்தன. 1972இல் வந்த கவாசாக்கி இசட்1இல் நான்கு மிக்குனி. அவற்றின் ஜெட்டும் ஊசியும் அந்தந்த எஞ்சினின் மூச்சை அளந்து அமைக்கப்பட்டவை. அளவு பொருந்தாப் போலியைப் பூட்டினால் என்ன ஆகும்? பெட்ரோல் மிகுந்தால் பணம் புகையாகும். குறைந்தாலோ, யமஹா ஆர்.எக்ஸ்.இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் சூடேறிப் பிஸ்டனே ஓட்டையாகலாம். சில வெள்ளிகளை மிச்சம்பிடித்தவர் எஞ்சினையே பறிகொடுக்கின்றார்.

தேய்ந்ததை மாற்றவேண்டா என்று எவரும் கூறவில்லை. ரப்பர் வளையங்கள், மிதவை வால்வின் ஊசி, தேய்ந்த நீடில் ஜெட் ஆகியவை மாற்றத்தக்கவையே. உடற்பகுதியே அரித்துப்போயிருந்தால் அதனையும் கைவிடலாம். ஆனால் முடிவு செய்யுமுன் பிரித்துப் பார்த்தல் கடமை. பாகங்களைத் துப்புரவு நீர்மத்தில் ஊறவைத்து, ஒவ்வொரு வழியிலும் காற்றைச் செலுத்தி, மிதவையின் உயரத்தை அளந்து, நான்கு கார்புரேட்டர்களாயின் நான்கையும் ஒரே சீராக இயங்கச் செய்தல் வேண்டும். இதுவே பழுதுபார்த்தல்.

ஹோண்டா நிறுவனம் 2007இல் ஜப்பானில் தன் சூப்பர் கப் 50 வண்டிக்கே மின்னணு முறையில் எரிபொருள் பாய்ச்சும் கருவியைப் பொருத்தியது. புதிய வண்டிகளில் கார்புரேட்டர் அருகிவிட்டது. அதற்காகக் காலத்தைப் பின்னோக்கி இழுக்க வேண்டுவதில்லை. ஆயினும், தோட்டப்புறத் தொழிலாளியைச் சுமந்த பழைய 'கப்சாய்'கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றைக் காக்கும் அறிவு மூத்த மெக்கானிக்குகளின் விரல்களில் வாழ்கின்றது. அவ்விரல்கள் ஓய்ந்தால் அதுவும் ஓயும். பட்டறைக்கு வரும் இளைஞனுக்குப் பெட்டியைப் பிரித்துப் புதியதைப் பூட்ட மட்டுமே கற்பிப்போர், அவனை உதிரிப்பாக வணிகனின் ஏவலாளாக்குகின்றனர். முதலில் கழற்றிக் காணக் கற்பிக்கட்டும். எறிவதா, வைத்துக்கொள்வதா என்பதைப் பின்னர் அவனே சொல்வான்.